அத்தான் கண்டுபிடித்த சத்தம்

என் கணவர் பெனிஸ்டன் துறைமுகத்தில் கிரேனிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவர். கால் தசைகள் இறுகாமலிருக்க வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்பு வைத்திருக்கிறார்கள். அது தண்டுவடத்துக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து அனுப்பும். மூன்று மாதத்துக்கொரு முறை மதுரைக்குப் போய் நிரப்ப வேண்டும். மருந்து தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த முறை செவ்வாய்க்கிழமை தேதி. பெனிஸ்டனின் அண்ணன் செல்வதுரை, நான் அத்தான் என்று கூப்பிடுபவர், ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார். எங்கள் ஊர் சாயர்புரத்தில் எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சனிக்கிழமை அசனம்லா. கோயில் விருந்த விட்டுட்டு எங்க ஓடுத? மருந்து என்ன வத்தியா போவும்?" என்றார். நானும் மண்டையை ஆட்டி, அசனம் முடிந்து போகலாமென்று தேதியைத் தள்ளிப்போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குள் "பீப்" என்று சத்தம். அத்தான் இன்வெர்ட்டர் என்று சொல்லிக் கழற்றிப் போட்டார். மறுபடி பீப். ஃபிரிட்ஜ் என்று பிளக்கைப் பிடுங்கினார். சீலா மீன் தண்ணீர் விட்டதுதான் மிச்சம். பெனிஸ்டன் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார். அதற்கு அத்தானின் வைத்தியம் வேர்க்குரு பவுடர்.

நான் பெனிஸ்டன் வயிற்றில் காதை வைத்தேன். பீப்.

"ஏளா, அது வயித்துக் கேஸு" என்றார் அத்தான்.

மதுரைக்குப் போன் போட்டேன். "அரிப்பு இருக்கா? கால் இறுகுதா?" என்று கேட்டாள் நர்ஸ் இந்துமதி. இரண்டும் இருந்தன. "அவசரத்துக்குத் தந்த மாத்திரையக் குடுத்து உடனே கூட்டிட்டு வாங்க. தாமதிச்சா காப்பாத்துறது கஷ்டம்."

மாத்திரை டப்பாவைக் காணோம். பம்பு இருக்கும்போது மாத்திரை எதற்கென்று அத்தான் அதைக் கோயில் மருந்துப் பெட்டியில் ஏழைகளுக்குப் போட்டிருந்தார். பெரிய தர்மவான்.

வாசலில் நின்ற அவர் வேன் நிறைய அசன அண்டாக்கள்.

"இறக்குங்க அத்தான்."

"கோயில் பாத்திரம்ளா."

"நீங்க இறக்குதீயளா, நான் ரோட்ல உருட்டட்டுமா?"

இறக்கினார். டிரைவர் வேல்ராஜ் வண்டியை எடுத்தார். எட்டயபுரம் தாண்டும்போது பெனிஸ்டனுக்கு உடம்பு கொதித்தது, கால்கள் கட்டையாக விறைத்தன. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மதுரையில் மருந்தை நிரப்பினார்கள். மறுநாள் மதியம்தான் கால் தளர்ந்தது. "ஜெயஷீலா" என்று கூப்பிட்டார். அந்த நேரத்தில் அத்தானின் போன். பின்னால் அசனப் பந்திச் சத்தம்.

"சத்தம் நின்னுட்டுளா. நேத்து நீங்க போனதும் புது பேட்டரி போட்டேன், அதுக்கப்புறம் ஒரு பீப் இல்ல. நான் அப்பமே சொன்னேம்லா, இன்வெர்ட்டர்னு."

படுக்கையில் கிடந்த பெனிஸ்டனைப் பார்த்தேன். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"சந்தோசம் அத்தான்" என்றேன். "இனிமே இவுகள நான் பாத்துக்கிடுதேன். நீங்க பேட்டரியப் பாத்துக்கிடுங்க."