ஏழேகால் மணிப் பள்ளிக்கூடம்

என் கணவருக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அதிராது. என்னை ‘மேடம்’ என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். அன்று காலை ஆறு மணிக்குத் தேநீரை என் முன்னால் வைத்து, “மேடம், சர்க்கரை போதுங்களா?” என்றார்.

சட்டைப்பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து, நீவி, மேசையில் விரித்தார். கல்வி அலுவலகத்தின் அறிவிப்பு. கீழே என் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை மீசை வைத்த மீன் ஒன்றை வரைந்திருந்தது.

“இது எங்க கிடைச்சுது?”

“பஸ்ஸுல, பதினாலாவது சீட்டுக்குக் கீழ. இது ஒண்ணுதான் உருப்படியா இருந்துச்சு. மத்ததெல்லாம் ராக்கெட்டா பறந்துடுச்சு.”

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் கல்வி அலுவலகத்தில் கருத்துக்கேட்பு அதிகாரி. பள்ளிகளில் எதையாவது மாற்றுவதற்கு முன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. எட்டே முக்காலுக்குத் தொடங்கும் பள்ளியை ஏழேகாலுக்குத் தொடங்கினால் ஒரே பேருந்து இரண்டு பள்ளிகளுக்கு ஓடலாம் என்பதுதான் புதிய திட்டம். ‘புருஷனுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிட்டா’ என்று நாளைக்கு ஒருவர் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று, வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

“பிள்ளைங்க கையில ஊருக்கெல்லாம் அனுப்பினதுதானேங்க,” என்றேன்.

“ஊருக்கு அனுப்பினதெல்லாம் என் பஸ்ஸுலதான் கிடக்கு. தினமும் நாந்தான் கூட்டி அள்ளறேன்.” அவர் எதிரில் உட்கார்ந்தார். “ஏழேகாலுக்குப் பள்ளிக்கூடம்னா நான் அஞ்சு மணிக்கே வண்டி எடுக்கணும். நீ ராத்திரி எட்டுக்கு வர்ற. அப்போ எனக்குக் கண்ணு சொக்கிடும். நமக்குன்னு இருக்கறது காலைல இந்த அரைமணி நேரந்தான். அதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டியே!”

“நானும் நாலு மணிக்கே எழுந்திருக்கறேன்.”

“நாலு மணிக்கு எழுந்தா நீ பேசற ஆளா? கடிக்கிற ஆளு.”

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அனுபவித்துச் சொல்கிறார்.

அலுவலகத்தில் கதை முடிந்தே போயிருந்தது. முந்தின நாள், செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, மூன்றாவது மாடியில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியிருந்தோம். வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் எங்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் பிஸ்கட்டுக்காக வரும் பெரியவர். இன்னொருவர் தண்ணீர் வரியைப் பற்றிக் கேட்க வந்து மாடி தவறியவர். மூன்றாவது ஆள் கைக்குழந்தையோடு வந்திருந்த ஓர் அம்மா. குழந்தை அழுததால் வாயைத் திறக்காமலே போய்விட்டாள்.

“எதிர்ப்பு யாராவது சொன்னாங்களா?” என்றார் இயக்குநர்.

“யாரும் எதுவுமே சொல்லலை சார்.”

“அப்ப ஏகமனதான ஆதரவு. வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்துடுங்கம்மா.”

மாடி தவறியவரின் ஆதரவையும் சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், “நாளைக்கு உங்க பஸ்ஸுல நானும் வரேன்,” என்றேன்.

“பிள்ளைங்களுக்குத்தான் சீட்டு.”

“நின்னுக்கிட்டு வரேன்.”

வியாழக்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தோடு ஏறினேன். பதினொரு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிஷம். எங்கள் ஒன்பது பக்கக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒரே கேள்விதான் வைத்துக்கொண்டேன். ஏழேகாலுக்குப் பள்ளி என்றால் உங்கள் வீட்டில் என்ன ஆகும்?

முதல் நிறுத்தத்தில் மகளோடு நின்ற நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நைட் டியூட்டி முடிச்சு ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கே வரேன். அதுக்கு முன்னாடியே இவ கிளம்பிட்டா, இவ மூஞ்சிய நான் போட்டோவுலதான் பார்க்கணும்.”

அடுத்த நிறுத்தத்தில் கடையை விட்டு ஓடிவந்த ரொட்டிக் கடைக்காரர் சந்தோஷத்தில் குதித்தார். “எனக்கு ரொம்ப நல்லதும்மா! நான் நாலு மணிக்கே கடை திறக்கறேன். என் பையன் தனியா தூங்கி, தனியா எழுந்து, ஒத்தக் கால்ல செருப்போட வந்து நிக்கறான். சீக்கிரம் பள்ளிக்கூடம்னா தனியா கிடக்கற நேரமாவது குறையும்.”

அதையும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது நிறுத்தத்திலிருந்து பேச்சு பிடித்துக்கொண்டது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் வெட்டினார். ஓர் அப்பா, “ஏம்மா, இதையெல்லாம் முன்னாடியே கேட்கக் கூடாதா?” என்றார்.

“கூட்டம் போட்டோமே, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு.”

“வேலைக்குப் போறவங்க வராம இருக்கறதுக்குன்னே பார்த்து வச்ச நேரமா?”

ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளி வாசலை அடைந்தபோது முப்பத்தைந்து நிமிஷம் தாமதம். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாசலில் நின்ற தலைமையாசிரியை முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பேருந்தே இரண்டடி பின்னால் போயிருக்கும்.

பிள்ளைகள் இறங்கியபின் முன் இருக்கையில் உட்கார்ந்து எண்ணினேன். ஐம்பத்திரண்டு பேர். ஒன்பது பேருக்குச் சம்மதம், நாற்பத்து மூன்று பேருக்கு இல்லை.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எல்லாரையும் கேட்டாச்சா?”

“கேட்டாச்சு.”

“நல்லா யோசி.”

எனக்குச் சுருக்கென்றது. ஊரை எல்லாம் கேட்டிருக்கிறேன். ஒன்பது வருஷமாகக் கூட இருக்கிறவரைக் கேட்கவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“ஏழேகாலுக்குப் பள்ளிக்கூடம்னா உங்க வீட்ல என்னங்க ஆகும்?”

“பொண்டாட்டி இருக்கறதே மறந்துடும்,” என்றார். “எழுதிக்கோ.”

அப்படியே எழுத முடியவில்லை. ‘ஓட்டுநர் ஒருவருக்குக் குடும்ப வாழ்க்கை பாதிக்கப்படும்’ என்று எழுதிக்கொண்டேன். அவர் எட்டிப் படித்துவிட்டு, “ஒருத்தருக்கு இல்ல, ரெண்டு பேருக்குன்னு போடு,” என்றார். திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் என் அறிக்கையைப் புரட்டப் புரட்ட அவர் முகம் சிறுத்தது.

“கருத்துக்கேட்புன்னா கேட்ட மாதிரி இருக்கணும். நீங்க நிஜமாவே கேட்டுட்டு வந்து நிக்கறீங்களேம்மா!”

“அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த நாற்பத்து மூணு பேரும் இங்கேயே வராங்களாம் சார். பதினோரு மணிக்கு, லீவு போட்டுட்டு. பிஸ்கட் நிறைய வாங்கணும்.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு திட்டத்தின் மேல் ‘மறுபரிசீலனை’ என்று எழுதினார். எட்டே முக்கால் எட்டே முக்காலாகவே இருக்கும். ரொட்டிக் கடைக்காரரின் பையனைப் போன்றவர்களுக்குப் பள்ளியைச் சீக்கிரம் திறந்து வைக்க முடியுமா என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கூடவே ஒரு குறிப்பாணையும் வந்தது. முப்பத்தைந்து நிமிஷத் தாமதத்துக்கு ஓட்டுநர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

மறுவாரம் திங்கள் காலை ஆறு மணிக்கு இருவரும் மேசையில் உட்கார்ந்தோம். ‘அதிகாரியின் கட்டளைக்குப் பணிந்து’ என்று தொடங்கினார். ‘கட்டளை’ வேண்டாம், ‘கேட்டுக்கொண்டதால்’ என்று போடுங்கள் என்றேன். வீட்டில் நீ என்றைக்குக் கேட்டுக்கொண்டாய் என்றார். ஆறரை ஆனபோது ஒரு வரிகூட முடிந்திருக்கவில்லை.

இன்று வியாழன். இன்னும் இரண்டாவது வரியில்தான் சண்டை.