மார்னி பிறந்த இடம்

கிட்ட வாருங்கள், இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். என் குரல் முன்னே மாதிரி தூரம் போகாது. கையில் இருக்கிற வேலையை ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. எங்கள் தீவில் தேர்தல் வந்த வருஷம், பீன்ஸ் விருந்தன்றைக்கு ஊரே பசியை மறந்த கதையைச் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்த பிறகு உங்களுக்கும் சாப்பாடு ஞாபகம் வராது, பாருங்கள்.

அன்று காலையில் வெர்னா தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் மண்ணில் முழங்காலிட்டு, பீன்ஸ் குழியின் மேலே காதை வைக்காத குறையாகக் குனிந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் குழி நிறையத் தணலைக் கொட்டி, பீன்ஸும் உப்புப் பன்றிக்கறியும் கரும்புப்பாகும் போட்ட இரும்புப் பானைகளை இறக்கி மண்போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே வெந்ததா, கருகியதா என்று திறக்காமலே சொல்லுகிறவள் இந்த மெய்ன் மாநிலக் கரையோரத்தில் அவள் ஒருத்திதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு மூக்கும் வேலை செய்யவில்லை, காதும் வேலை செய்யவில்லை. அவளுடைய மகள் மார்னி வாஷிங்டனில் இருக்கிற காங்கிரஸ் சபைக்கு வேட்பாளராக நிற்கிறாள். எதிர்த்து நிற்கிறவன் எல்வுட். இருவருமே இந்தத் தீவுக்காரர்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வாஷிங்டன் போவதே அதிசயம், இரண்டு பேர் முட்டிக்கொள்வது என்றால் கேட்கவேண்டுமா? தலைநகரத்துப் பத்திரிகைக்காரர்கள்கூடக் காலையிலேயே வந்து சூடான காப்பிக்கு வரிசையில் நின்றார்கள்.

மார்னி குழியைச் சுற்றிச் சுற்றி நடந்து பேச்சை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாளிலேயே அப்பாவின் படகில் சிங்கி இறால் பிடிக்கிற கூடு தூக்கியவள், பிறகு பல வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். நாற்பதைத் தாண்டியும் நடை இன்னும் படகுத்தளத்து நடைதான்.

"அம்மா, இதைக் கேளு. புதுசா சேத்திருக்கேன். 'மூடிப்போட்ட அந்தப் பிரசவ வார்டுலதான் நான் பொறந்தேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம். எங்கப்பா படகை விட்டு இறங்கி ரப்பர் பூட்ஸோட ஓடி வந்தாரு.' எப்படி இருக்கு?"

வெர்னாவின் கை சாம்பலிலேயே நின்றுவிட்டது. "பூட்ஸ் வரைக்கும் சரி. அந்த வார்டு அவசியமா?"

"வார்டு இல்லைன்னா அப்புறம் எனக்கு என்னம்மா கொள்கை இருக்கு? நான் கேக்கறதே அதைத்தானே. நம்ம வரிப்பணத்துல அதைத் திறங்கன்னுதானே ஊர் ஊரா கத்திக்கிட்டுத் திரியறேன்."

அதற்குள் ஹார்லன் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெர்னாவின் கணவர். "அந்த மத்திக்காரன் வந்துட்டானா?" என்றார். எல்வுட்டின் குடும்பம் கூடுகளுக்கு இரைமீன் விற்கிற குடும்பம். ஹார்லன் அவன் பெயரை வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லவேண்டும். மார்னி அந்த வார்டில் பிறக்கவில்லை.

வெர்னா நிறைமாதமாக இருந்த காலத்தில் ஹார்லன் வீட்டுக்கும் எல்வுட் வீட்டுக்கும் கடலில் சண்டை. அவர்களும் அப்போது கூடு போடுகிறவர்கள்; யார் எல்லையில் யார் கூடு இறக்கினார்கள் என்று தகராறு. இவர்கள் கூட்டுக்கயிற்றை அவர்கள் அறுப்பதும், அவர்கள் கயிற்றை இவர்கள் அறுப்பதுமாக ஒரு பருவமே வீணாய்ப் போனது. அப்படி ஒரு நாள் விடியலில், கையை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டத்தில், ஹார்லன் கடலில் இருக்கும்போது வெர்னாவுக்கு வலி கண்டது. படகுத்துறைக்கு ஓடினாள். அங்கே நின்ற ஒரே வண்டி எல்வுட்டின் இரைமீன் வண்டி. அவன் அப்போது மீசை சரியாக முளைக்காத பையன். ஒரு வார்த்தை கேட்காமல் அவளை முன்சீட்டில் ஏற்றினான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. அவன் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான், அதில்தான் மார்னியைச் சுற்றினாள். "ஹார்லனுக்கு மட்டும் தெரியவேண்டாம்" என்று வெர்னா அழுதபோது, "உன் வாயால நீ சொல்ற வரைக்கும் என் வாயால வராது" என்றான். ஆம்புலன்ஸில் போனேன், வார்டில் பெற்றேன் என்று அவள் சொன்னதை வீடு நம்பியது. இத்தனை வருஷத்தில் எல்வுட் கல்யாணம் பண்ணினான், மாநிலச் சட்டசபைக்குப் போனான், தலை நரைத்தான். வாய் மட்டும் திறக்கவில்லை.

இப்போது அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்திரிகைக்காரர்கள் முன்னால் மகள் பொய்க்காரி. அவன் சொல்லாமல் வெர்னா சொன்னாலோ, ஹார்லன் முகத்தில் எப்படி விழிப்பது? வெர்னா கையைத் தட்டிவிட்டு நேராக எழுந்து போனாள். எல்வுட் பெர்ரிப் பழ அப்பங்கள் அடுக்கிய மேஜைக்குப் பின்னால் நின்று, கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"எல்வுட், இன்னைக்கு அவ எங்க பொறந்தான்னு பேசப்போறா."

"தெரியும். போன வாரம் வேற ஊர்ல பேசினதைக் கேட்டேன். துறைமுகம் தெரியிற ஜன்னலாமே." அவன் சிரிப்பை அடக்கினான். "என் வண்டில ஜன்னல் கண்ணாடி ஒரு பக்கம் கிடையவே கிடையாது, வெர்னா. கோணிதான் அடைச்சிருந்தேன்."

"சொல்லிடுவியா?"

அவன் சிரிப்பு போய்விட்டது. "இத்தனை வருஷம் கழிச்சு இப்படிக் கேக்கறியே. ஓட்டுக்காகவா சொல்லுவேன்? ஆனா ஒண்ணு. அவ அந்த ஜன்னலைப் பத்திப் பேசறப்போ என் நாக்கு அரிக்கிற அரிப்பு இருக்கே, அது கடவுளுக்குத்தான் தெரியும்."

மதியம் பானைகளை மேலே தூக்கினார்கள். ஆவி எழுந்ததும் ஊர் கை தட்டியது. தட்டில் பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் சிவப்புச் சாசேஜும் வாங்கிக்கொண்டு எல்லோரும் புல்தரையில் உட்கார, வைக்கோல் ஏற்றுகிற நீள வண்டியே மேடையானது. மார்னியும் எல்வுட்டும் ஏறினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசினார்கள். கூட்டுக்கயிற்றில் திமிங்கலம் சிக்காமல் இருக்கப் புதுக்கயிறு போடு என்று அரசாங்கம் உத்தரவு போடுகிறதே, உத்தரவு போட்டவனே கயிற்றுக்கும் காசு கொடுக்கட்டும் என்றாள் மார்னி. உத்தரவையே கிழித்துப் போடவேண்டும், இந்தப் பக்கம் திமிங்கலத்தைக் கண்ணால் கண்டவன் யாராவது கை தூக்குங்கள் என்றான் எல்வுட். ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கியதில் எல்லோரும் சிரித்தார்கள். வார்டு விஷயத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. வருஷத்துக்கு எத்தனை குழந்தை பிறக்கிறது, எந்த டாக்டர் இங்கே வந்து உட்காருவார், அந்தப் பணத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் வாங்கலாம் என்று எல்வுட் கேட்டான். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "பனிமூட்டத்துல ஹெலிகாப்டர் எங்க பறக்கும், எல்வுட்? நான் ஆம்புலன்ஸ் ஓட்டினவ" என்று மார்னி திருப்பிக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஜன்னலும் துறைமுகமும் பூட்ஸுமாக அந்தப் புதுப் பகுதியைச் சொல்லி முடித்தாள். கூட்டம் உருகியது. எல்வுட் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் டெல்மர் எழுந்தான். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், எல்வுட்டின் கட்சிக்காரன். வாயில் இருந்த ரொட்டியை முழுங்கிவிட்டுத்தான் பேசினான்.

"ஒரு சந்தேகம். எங்க பெரியம்மா அந்த வார்டுல நர்ஸா இருந்தாங்க. வெர்னா அங்க பிள்ளை பெறவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றாங்க. வெர்னாவோட அம்மா வீடு பாஸ்டன். அப்போ இந்தப் பொண்ணு பாஸ்டன்லதானே பொறந்திருக்கணும்? வெளியூர்க்காரிக்கா நாம ஓட்டுப் போடறது?"

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. திருடன் என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். வெளியூர்க்காரி என்றால், ஐம்பது வருஷம் இங்கே வாழ்ந்தாலும் கல்லறையில் ஒரு அடி தள்ளித்தான் குழி வெட்டுவார்கள். புல்தரை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. பத்திரிகைக்காரர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்கள். மார்னியின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவைத் தேடினாள்.

"டெல்மர், உக்காரு" என்றான் எல்வுட், மைக்கில்.

"உங்களுக்காகத்தானே கேக்கறேன்."

"எனக்காகத்தான் சொல்றேன், உக்காரு."

"அப்போ நீங்களே சொல்லுங்க. அவ எங்க பொறந்தா?"

எல்வுட்டின் வாய் திறந்தது, மூடியது. கரையில் போட்ட மீன் மாதிரி மறுபடி திறந்தது. ஜெயிப்பதற்கு அவன் சும்மா இருந்தால் போதும். ஆனால் அவன் கூட்டத்துக்கு மேலாக வெர்னாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது: வெர்னா, உன் பெண்ணை வெளியூர்க்காரி என்கிறான். நான் பார்த்துக்கொண்டு நிற்கவா?

வெர்னா பீன்ஸ் பரிமாறிய கரண்டியோடே நடந்தாள். ஹார்லனின் நாற்காலியைத் தாண்டும்போது அவர் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் கால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். வண்டியில் ஏறாமல், கீழே நின்றபடியே பேசினாள்.

"டெல்மர், உங்க பெரியம்மா சொன்னது சரி. வார்டுல பொறக்கல. பாஸ்டன்லயும் பொறக்கல. இவ அப்பா கடல்ல இருந்தாரு. எனக்கு வலி வந்துச்சு. எல்வுட்டோட இரைமீன் வண்டிலதான் போனேன். வழியிலயே வந்துட்டா. அவன் சட்டையிலதான் சுத்தினேன். என் பொண்ணுக்கு இது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பொய் சொன்னது அவ இல்ல, நான்."

மார்னி அம்மாவைப் பார்த்தாள், எல்வுட்டைப் பார்த்தாள். மார்னி மைக்கை எல்வுட்டிடம் நீட்டினாள்.

"நீங்கதான் ஓட்டினீங்களா? அந்த ரோடு எப்படி இருந்துச்சு?"

எல்வுட் மைக்கை வாங்கினான். இத்தனை வருஷம் அடைத்து வைத்தது, மடை உடைந்த மாதிரி வந்தது. "எப்படி இருந்துச்சா? முடியவே இல்ல. ஆஸ்பத்திரி இன்னும் தள்ளி தள்ளிப் போற மாதிரி இருந்துச்சு. உங்கம்மா கத்தறா, நான் அவளைவிடக் கத்தறேன். அப்போ வார்டு திறந்துதான் இருந்துச்சு, அப்படியும் இந்தப் பாடு, இப்போ அதையும் மூடிட்டா..." சொல்லிக்கொண்டே வந்தவன், தான் எந்தக் கட்சிக்குப் பேசுகிறோம் என்று திடீரென்று உறைத்து நிறுத்தினான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. டெல்மர்கூடத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான்.

ஹார்லன் சிரிக்கவில்லை. அவர் எழுந்தபோது சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. நாற்காலியை மடக்கிக் கீழே சாய்த்துவிட்டு, மெதுவாக மேடையருகே வந்து, எல்வுட்டை அண்ணாந்து பார்த்தார். வெர்னா கரண்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"எல்வுட்" என்றார். அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டு ஊர் திகைத்தது. "வழியிலன்னா எங்க? பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அவ்வளவுதான். ஊர் முழுக்க எழுந்துவிட்டது. ஏனென்று கேளுங்கள். ஆஸ்பத்திரி இருப்பது பாலத்துக்கு அப்பால், பெருநிலத்தில். எங்கள் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் பிறந்தார்கள், தீவின் மண்ணிலேயே பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கு உயிரோடு ஒருத்தர் இல்லை. பாலத்தின் நடுவில் ஒரு இரும்புப் பட்டை ஓடுகிறது, அதுதான் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் பிறந்திருந்தால் மார்னியைவிட அசல் தீவுக்காரி யாருமே இல்லை.

"நடுவுல எங்கயோ நிறுத்தினேன்" என்றான் எல்வுட். "ஒரே பனி. இரும்புப் பட்டையில வண்டி தூக்கிப் போட்டது ஞாபகம் இருக்கு. குழந்தை அழுதது அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு... வெர்னா, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நான் என்ன ரோட்டையா பாத்துக்கிட்டிருந்தேன்?" என்றாள் வெர்னா.

"நடந்து பாத்தா தெரிஞ்சுடும்" என்றார் ஹார்லன்.

பீன்ஸ் தட்டுகள் புல்லில் கிடக்க, ஊரும் பத்திரிகைக்காரர்களும் பாலத்துக்கு நடந்தார்கள். போகிற வழியில் மார்னி வெர்னாவின் கையைப் பற்றினாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்கப்பா உன்னைத் தூக்காம போயிடுவாரோன்னு அன்னைக்கு ஒரு பயம். அப்புறம் அந்தப் பயமே பழகிப்போச்சு."

மார்னி கையை விடவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. பார்வை முன்னால் போகிற அப்பாவின் முதுகிலேயே இருந்தது.

பாலத்தின் தொடக்கத்தில் எல்வுட் நின்றான். கோட்டைக் கழற்றி டெல்மரிடம் கொடுத்தான். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, கண்ணுக்குத் தெரியாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அன்றைக்கு இருந்த பனிமூட்டத்துக்குள் போகிற மாதிரி மெதுவாக அடி எடுத்து வைத்தான். ஹார்லன் ஒரு கணம் தயங்கினார். பிறகு சுற்றிக்கொண்டு போய் அவன் வலதுகைப் பக்கம், வெர்னா உட்கார்ந்திருந்த சீட்டின் பக்கம், அவனோடு சேர்ந்து நடந்தார். பின்னால் கார்கள் வரிசையாக நின்றன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பாலத்தடியில் கடலின் ஓதம் திரும்பிக்கொண்டிருந்தது. இரும்புப் பட்டை வெயிலில் பளபளத்தது. அதற்கு இந்தப் பக்கம் இன்னும் சில அடிகள் இருக்கும்போதே எல்வுட்டின் கால் பிரேக்கை மிதிக்கிற மாதிரி லேசாக உயர்ந்தது. ஹார்லனின் கை, தன்னை அறியாமலே, அவன் தோளைப் பிடித்தது.

உங்கள் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் சுகமாக வந்து சேரட்டும். பாதை எவ்வளவு நீண்டாலும், பனி எவ்வளவு அடர்ந்தாலும், வலி கண்ட நேரத்தில் உங்கள் வாசலில் ஒரு வண்டி நிற்கட்டும். அதை ஓட்டுகிறவர் உங்களுக்கு வேண்டாதவராக இருந்தாலும் போகப்போக வேண்டியவராகட்டும்.