வஸ்திரகாயம்

பத்தாவது தடவை சார்ஜ் ஏறி இறங்கியும் பேட்டரி செல் சாகவில்லை என்றதும் சங்கீதாவுக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை. ஒரு பக்கம் லித்தியம், மறுபக்கம் வெறும் காற்று. அந்தக் காற்றை வேலை வாங்க மாங்கனீசு ஆக்சைடு நானோத் துகள் பூசிய கரித்தகடு. கேட்கத்தான் சுலபம். இரண்டு வருஷமாக அவள் பூசிய தகடெல்லாம் நாலைந்து தடவைக்குள் மண்டையைப் போட்டன. பிழைத்தது இது ஒன்றுதான். பேராசிரியர் சக்ரவர்த்தி நாளை பெங்களூர்க் கருத்தரங்கில் இதைச் சொல்லிவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி இன்னும் ஒரு வருஷம் நீளும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வினை வீட்டில் காத்திருந்தது. கல்லூரிச் சல்லடை கிழிந்துபோனதால் அந்த மாங்கனீசுப் பொடியை அவள் வஸ்திரகாயம் செய்திருந்தாள். வசம்புப் பொடியைத் துணியில் தேய்த்துச் சலிப்பார்களே, அதேதான். பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கும் வீட்டில் பட்டுத் துண்டுக்கா பஞ்சம்? அன்று சாயங்காலம் அந்தத் துண்டை அலசும்போதுதான் பார்த்தாள்: ஓரத்தில் ஒரு சரிகை இழை, தங்க முலாம் போய் வெள்ளி வெளுத்துத் தெரிந்தது. தேய்ந்த வெள்ளி பொடிக்குள்தானே போயிருக்கும்! வெள்ளியும் காற்றை வேலை வாங்கும் சாமான். அப்படியானால் செல்லை ஓட்டியது எது?

அம்மா கலாவதியிடம் சொன்னாள். "யாருக்குமா தெரியப்போவுது? வாய மூடிக்கினு இரு" என்றாள் அம்மா. பெற்ற வயிறு வேறென்ன சொல்லும்.

சங்கீதா சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே திரும்பினாள். சக்ரவர்த்தி பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். முழுக்கக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு மேடையில என்னை வெறுங்கையோட நிறுத்தி வச்சுட்டியேம்மா."

"அதுக்குத்தான் இன்னிக்கே சொல்றேன் சார்."

"இன்னொரு வருஷம் கிடைக்காது. தெரியுமோன்னோ?"

"தெரியும் சார்."

அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, நாளைய உரையிலிருந்து அந்தச் செல்லின் வரைபடத்தை நீக்கினார். செல்லை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று படியிறங்கினார்.

ஆய்வகத்தில் ஆளில்லை. ஸ்விட்சில் கை வைத்தாள். மீட்டர் இரண்டரை வோல்ட்டுக்கு மேலேயே நின்றது, கொஞ்சமும் இறங்கவில்லை. வெள்ளியோ மாங்கனீசோ, செல் பதினோராவது தடவையும் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள்.