விழுங்கக் கூடாத மாத்திரை

செல்லமுத்து அந்த மாத்திரையை நான்கு மாதம் விழுங்கிக்கொண்டிருந்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அரைச் சொம்புத் தண்ணீரோடு. ஒரு வேளைகூடத் தவறவில்லை.

மணலூர்பேட்டைக்குத் தெற்கே தெய்வசிகாமணியின் வெல்ல ஆலையில் முப்பது வருடம் அடுப்பெரித்தவர் அவர். கொப்பரையில் பாகு கொதித்து இறங்குகிற மட்டும் அடுப்பு வாயில் காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று திரும்பிவிட்டால் புகை மொத்தமும் முகத்தில் அடிக்கும். புகை ஓய்ந்த நேரத்தில் பீடி. ஐம்பத்தெட்டு வயதில் மூச்சு முட்ட ஆரம்பித்தது. டவுனில் ஒரு டாக்டர் குழாய் ஒன்றை ஊதச் சொல்லிப் பார்த்தார். மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போயிருக்கின்றன, கெட்டது பழையபடி ஆகாது, ஆனால் தினமும் மருந்து எடுத்தால் நன்றாக இருக்கலாம், பீடியை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றார். செல்லமுத்து அன்றைக்கே விட்டார்.

மருந்துக் கடையில் கூட்டம். கடைக்காரர் மாத்திரை அட்டைகளையும், நீல நிறத்தில் ஒரு ஸ்ப்ரேயையும், உறையில் போட்ட ஒரு பிளாஸ்டிக் மிசினையும் எடுத்து வைத்தார். "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூச்சு முட்டுனா நீலத்த அடிச்சுக்கோங்க" என்றுவிட்டு அடுத்த சீட்டை வாங்கினார். மாத்திரை மிசினுக்குள் போக வேண்டியது என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க ஊதல் மாதிரி இருந்ததால், அட்டையோடு இனாமாகக் கொடுத்தது என்று செல்லமுத்து நினைத்துக்கொண்டார். அவர் மனைவி பாப்பாத்தி அதை உறை பிரிக்காமல் ஆணியில் மாட்டிவைத்தாள்.

மாத்திரை வயிற்றுக்குள் போனது; நெஞ்சு அப்படியே இருந்தது. நீல ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நேரம் தேவலை. ஆகையால் அதையே ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை அடித்தார். கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தை மாதம் ஆலை ஓடத் தொடங்கியபோது அவர் போகவில்லை. சடையன் என்பவனை அடுப்புக்கு வைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. பாப்பாத்தி தனியாகக் களையெடுக்கப் போய் வந்தாள். செல்லமுத்து பகல் முழுவதும் கட்டிலில் முன்பக்கம் குனிந்து, முட்டியில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். தன் காலம் முடிந்தது என்று தீர்மானித்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தார்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் கண்ணகி வந்தாள். அதே தெருக்காரி. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அரசாங்க மாத்திரை கொடுக்கிற வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாப்பாத்தியின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, இப்பிடி மூச்சு வாங்குது? மருந்து இல்லியா?"

"அதெல்லாம்... கரெக்டா... போட்டுக்கினுதான் இருக்கேன்."

"எங்க, காட்டுங்க."

தான் டாக்டர் பேச்சைக் கேட்கிற நோயாளி என்று காட்டுவதற்காக, செல்லமுத்து சாயங்கால மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி நாக்கில் வைத்துக்கொண்டு சொம்பை எடுத்தார். கண்ணகி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"துப்புங்கண்ணா."

அவர் துப்பினார்.

"இது முழுங்குற மாத்திரை இல்லண்ணா. உள்ள இருக்கறது தூளு. ஒரு மிசின்ல போட்டு நெஞ்சுக்குள்ள இழுக்கணும். மிசின் குடுத்தாங்களா?"

பாப்பாத்தி ஆணியிலிருந்து உறையை எடுத்து வந்தாள். தூசியைத் தட்டி நீட்டினாள்.

"நாலு மாசமா... முழுங்கிட்டேனே" என்றார் செல்லமுத்து.

"அந்தக் கடக்காரன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல" என்றாள் பாப்பாத்தி.

"நானும் மாசாமாசம் இந்த வாசலுக்கு வந்துக்கினுதான் இருக்கேன்கா. நானும் கேக்கல" என்றாள் கண்ணகி. பிறகு செல்லமுத்துவிடம், "எப்பிடி இழுக்கறதுன்னு எனக்கு முழுசா தெரியாதுண்ணா. தப்பா சொல்லிட்டா வம்பு. ஆஸ்பத்திரி சிஸ்டரக் கேக்கலாம்" என்று அங்கேயே நின்று போன் செய்தாள்.

மறுநாளே ஷேர் ஆட்டோவில் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே பெரியநாயகி என்ற நர்ஸ், டாக்டர் பார்த்து முடித்ததும், அவரைத் தன் மேசைக்கு எதிரே உட்காரவைத்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். பெரியநாயகி அவசரப்படவில்லை.

"மாத்திரைய இந்த ஓட்டையில போடுங்க ஐயா. திருகுங்க. ஒடையற சத்தம் கேட்டுதா? இப்ப மூச்சு முழுக்க வெளிய வுடுங்க. மிசினுக்குள்ள இல்ல, அந்தாண்ட திரும்பி வுடுங்க. ஒதட்ட இறுக்கமா வெச்சு, வேகமா, ஆழமா இழுங்க. அப்பிடியே அடக்கி, பத்து எண்ணுங்க."

செல்லமுத்துவுக்கு நான்கில் இருமல் வந்தது. மிசினைத் திறந்து பார்த்தால் பாதித் தூள் மிச்சம் இருந்தது. "பரவால்ல. மிச்சத்துக்கு இன்னொரு தபா இழுங்க" என்றார் சிஸ்டர். இரண்டாவது தடவை ஏழு வரை எண்ண முடிந்தது. அதன் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, தொண்டை வரை கொப்பளித்துத் துப்பச் சொன்னார். விழுங்கக் கூடாது, கொப்பளிக்காமல் விட்டால் வாயில் வெள்ளையாகப் புண் வரும்.

"இது போட்ட ஒடனே ஒண்ணும் தெரியாது. தெரியலியேன்னு ரெண்டா போடக் கூடாது. நல்லாயிடுச்சேன்னு நிறுத்தவும் கூடாது. தினம் ரெண்டு வேளை, அவ்ளோதான். நீலம் திடீர்னு முட்டுனா மட்டும். அது ஜாஸ்தியா தேவப்பட்டா இங்க வந்துடணும். நீலம் அடிச்சும் அடங்கலன்னா, பேச முடியலன்னா, நூத்தி எட்டுக்குப் போன் போடுங்க. காத்துக்கினு இருக்காதீங்க."

"சரிங்கம்மா."

"கண்ணுல எதுனா வியாதி இருக்குதா? ஒண்ணுக்கு சரியா போவுதா?"

மூச்சுக்கு வந்த இடத்தில் இதை ஏன் கேட்கிறார் என்று செல்லமுத்துவுக்குப் புரியவில்லை. இல்லை என்றும், போகிறது என்றும் பதில் சொன்னார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து நீல ஸ்ப்ரே ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று குறைந்தது. கை நடுக்கம் நின்றது. ஒரு மாதம் முடிகிற சமயம், பாப்பாத்தி காயவைத்த வேர்க்கடலையில் பக்கத்து வீட்டு ஆடு வாய் வைத்தது. செல்லமுத்து எழுந்து விரட்டினார். ஆட்டையும், அதை வளர்த்தவனையும், கட்டிவைக்காமல் விட்டவளையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டி முடித்தார். பாப்பாத்தி முறத்தோடு வந்து அவரையே பார்த்தாள்.

"இன்னா பாக்கற?"

"நடுவுல நிக்காம நீ ஒரு பேச்சு பேசி எவ்ளோ நாளாச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் ஆடு போன திசையைப் பார்த்துக்கொண்டார்.

வைகாசியில் தெய்வசிகாமணி வந்தார். ஆலை முதலாளி இந்தத் தெருவுக்குள் வண்டியைவிட்டு இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. வண்டியிலிருந்து வாசல் வரை வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. பாப்பாத்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீ நடமாடிக்கினு இருக்கன்னு சடையன் சொன்னான்" என்றார். மூச்சு கொஞ்சம் அடங்கியதும், "எனக்கும் அதே தொல்லைதான். வூட்டுல தெரியாது. பையனுக்குத் தெரிஞ்சா ஆலைய வித்துடுவான். உன் மாத்திரை ரெண்டு அட்ட குடு. போட்டுப் பாக்கறேன்" என்றார்.

முப்பது வருடம் வேலை கொடுத்தவர், முதல் தடவையாகக் கேட்கிறார். செல்லமுத்து அட்டை இருந்த பெட்டி வரை போய்விட்டார். கையில் எடுத்தும் விட்டார். அப்போது சிஸ்டர் கண்ணைப் பற்றிக் கேட்டது நினைவுக்கு வந்தது.

"மொதலாளி, உங்களுக்குக் கண்ணுல எதுனா இருக்குதுங்களா?"

"கண்ணுல தண்ணி அழுத்தம்னு சொட்டு மருந்து போடறேன். அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"எனக்குத் தெரியாதுங்க. ஆனா குடுக்க மாட்டேங்க."

தெய்வசிகாமணியின் முகம் மாறியது. "உங்கிட்ட கேக்க வந்தேன் பாரு" என்று எழுந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. என்னோட வாங்க, சிஸ்டரக் காட்டறேன். வேற ஊரு, யாருக்கும் தெரியாது."

அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலை சடையன் வந்து, முதலாளி ரோட்டில் வண்டியோடு நிற்பதாகச் சொன்னான்.

சுகாதார நிலையத்து பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டாக்டர் சொட்டு மருந்துச் சீட்டைப் பார்த்தார். செல்லமுத்து போடுகிற மாத்திரை இந்தக் கண்ணுக்கு ஆகாமல் போகலாம், அழுத்தம் ஏறினால் பார்வையே கெடும் என்று சொல்லி, கண் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு வேறு மருந்து எழுதினார். வெளியே வந்ததும் தெய்வசிகாமணி வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"குடுத்திருந்தா போட்டிருப்பேன்" என்றார்.

"தெரியுங்க."

"நல்ல வேல செஞ்ச, செல்லமுத்து."

அந்த வருடம் ஆலை ஓடுவதற்கு முன், புகைபோக்கியை ஆறடி உயர்த்திக் கட்டச் சொன்னார். அதுவும் செல்லமுத்து இரண்டு முறை ஞாபகப்படுத்திய பிறகுதான். சடையனின் முகத்தில் இப்போது அவ்வளவு புகை அடிப்பதில்லை.

தை மாதம் புது வெல்லம் இரண்டு உருண்டையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, செல்லமுத்துவும் பாப்பாத்தியும் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினார்கள். பெரியநாயகி சிஸ்டரை அங்கே மாற்றியிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் வண்டி மாறி, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார். காற்று குளிர்ந்து உள்ளே வந்தது.

ஆஸ்பத்திரியில் சிஸ்டருக்கு எதிரே சின்னப்பொண்ணு என்ற மலைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இல்லாத வீட்டுக்குள் விறகடுப்பு எரித்து எரித்து நெஞ்சு கெட்டவள். கையில் மாத்திரை போட்ட புது மிசின். வாயில் வைக்கவே பயந்தாள். சிஸ்டர் வெல்லத்தில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தார்.

"சரியான நேரத்துல வந்தீங்க ஐயா. எப்பிடி இழுக்கறதுன்னு இவங்களுக்குக் காட்டுங்க. மாத்திரை போட வேணாம், உங்க மிசின வெறுமனே வெச்சு."

செல்லமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மிசினை உதட்டில் வைத்து, மூச்சை ஊதி வெளியே விட்டு, உள்ளே இழுத்தார்.

"நில்லுங்க" என்றார் சிஸ்டர். "எங்க ஊதுனீங்க?"

"மிசினுக்குள்ளதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"எத்தினி நாளா இப்பிடி? வாயில இருக்கற ஈரம் உள்ள போனா தூளு கட்டிக்கும். பாதி மருந்து நெஞ்சுக்கே போவாது."

பாப்பாத்தி சிரித்துவிட்டாள். சின்னப்பொண்ணுவும் சிரித்தாள்; அதில் அவள் பயம் கொஞ்சம் போனது. செல்லமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை பிழைத்தோம் என்றுதான் தோன்றியது.

"நன்றி சொல்லலாம்னு வந்தம்மா. வந்த எடத்துலயும் நீங்கதான் திருத்த வேண்டியிருக்குது" என்றார்.

"மூணு மாசத்துக்கு ஒருதபா யார்கிட்டயாவது இழுத்துக் காட்டுங்க. எல்லாருக்கும் தப்பு வரும்" என்றார் சிஸ்டர்.

இந்த முறை செல்லமுத்து முகத்தைத் திருப்பி வெளியே ஊதினார். அவரைப் பார்த்துச் சின்னப்பொண்ணுவும் ஊதினாள். தன் மிசினை வைத்து இழுத்தாள். அடக்கினாள். பாப்பாத்தி விரல் மடக்கி எண்ண, பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்து மெல்ல எண்ணினார்கள். பத்து வந்ததும் சின்னப்பொண்ணு மூச்சை விட்டு, தண்ணீர் டம்ளருக்குக் கை நீட்டினாள்.

கீழே இறங்கும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அடுத்தது யார் என்று சிஸ்டர் கூப்பிட்டார். செல்லமுத்து பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.