நாலு கோடு

தபால்காரர் ஓய்வு பெற்று ஏழு வருஷம். நடுக்குவாதம் வந்து ஐந்து வருஷம். தெருத் தெருவாக அலைந்த அந்தக் கால்கள், ஒரு வருஷமாகக் குறுகலான வாசலைக் கண்டால் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிடும். வீட்டிலேயே குறுகலானது மனைவியின் தையல் அறை வாசல்தான்.

"தபால் கிளம்பிடுச்சு, காலுக்கு இன்னும் டெலிவரி ஆகல" என்று சிரிப்பார். தையல்காரியும் சிரித்துவைப்பாள். முன்பெல்லாம் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பார். இப்போது குரலும் உள்ளொடுங்கிவிட்டது; வாசலில் நின்று பேசினால் மெஷின் சத்தத்தைத் தாண்டி வராது. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்று இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். சாலையைக் கடக்கையில் மனிதர் அவள் கையை விட்டுவிட்டு, வெள்ளைக் கோடுகளை ஒவ்வொன்றாக மிதித்து விறுவிறுவென்று அந்தப் பக்கம் போய்விட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. வீடு வந்து அவள் மெஷின் முன் உட்கார, தையல் அறை வாசலில் அவர் பழையபடி நின்றதும் வெடித்துவிட்டாள்.

"ரோட்டுல அந்த ஓட்டம் ஓடுறீங்க! என்கிட்ட வரத்தான் கால் வரமாட்டேங்குதா? நடிக்கிறீங்களா?"

அவர் தன் பாதத்தையே பார்த்தார். "எனக்கே புரியலம்மா. அங்க கோட்டைப் பார்த்துப் பார்த்து வச்சேன், கால் போச்சு. இங்க எதைப் பார்த்து வைக்கிறது?"

அவள் குனிந்து பார்த்தாள். தரை வழவழவென்று கிடந்தது. தினமும் தேய்த்துத் துடைப்பவள் அவள்தான். ஊராருக்கெல்லாம் அளவெடுத்தவள் இவருடைய ஒரு அடிக்கு அளவெடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

கழுத்தில் தொங்கிய டேப்போடு மண்டியிட்டாள். அடிக்கு அடி அளந்து, துணியில் குறி போடும் சாக்பீஸால் வாசலிலிருந்து மெஷின் வரை நாலு கோடு இழுத்தாள்.

"மூணாவது கோணல்" என்றார் அவர்.

"சட்டையா தைக்கிறேன்? வாங்க."

ஒன்று. இரண்டு. கோணலில் கொஞ்சம் தடுமாறினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாலாவதையும் தாண்டி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நடிக்கிறீங்கன்னு சொல்லியிருக்கக் கூடாது நான்."

"அது கிடக்கு விடு. கோடி வீட்டு வாத்தியார் சமாச்சாரம் தெரியுமா உனக்கு? ஒரு வருஷமா சொல்லணும்னு வச்சிருக்கேன்."

அவள் மெஷினை மூடி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.