கயிறு இறுகக் கூடாது

தில்லைநாதனின் இறைப்பு மிசின் காலையிலேயே படுத்துவிட்டது. அது பங்குக் கிணறு. பொழுது படும்வரைதான் அவனுடைய முறை. விட்டால் இனி ஐந்தாம் நாள். அதுவரை வெங்காயம் தாங்காது. தாள்கள் ஏற்கெனவே தலை சாய்த்திருந்தன.

மெக்கானிக் கனகசபாபதி ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார். அது பிடிமானமே இல்லாமல் வந்தது.

"கொம்பிறசன் இல்லை, தம்பி. உள்ளுக்கை காத்தை அமத்திற பெலன் போட்டுது. பிளக் ஓட்டைக்குள்ளை ஒரு கரண்டி ஒயில் விட்டு இழுத்துப் பாப்பம். ஒயில் இடைவெளியை அடைச்சுக் கயிறு இறுகினால் பிஸ்டன் றிங் தேஞ்சுபோச்சு. றிங் இப்ப எந்தக் கடையிலும் இல்லை. சங்கத்திலை புது மிசினுக்கு எழுதிக் குடுத்திட்டு மாசக் கணக்கிலை காத்திருக்க வேண்டியதுதான். இறுகாட்டில் வால்வுதான் பிழை. அதை இஞ்சையே தேய்ச்சுச் சரியாக்கிப் போடுவன்."

ஒயில் உள்ளே போனது. தில்லைநாதன் கயிற்றைப் பிடித்தான். தன் மிசினுக்குப் பெலன் வரக்கூடாது என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தவன் அளவெட்டி ஊரிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். நேர்ந்துகொண்டு, பூப்பறிப்பதுபோல மெல்ல இழுத்தான்.

"உப்பிடி இழுத்தால் புது மிசினும் இறுகாது," என்றார் கனகசபாபதி. "ஆரை ஏமாத்துறாய்?"

வரம்பில் நின்ற மனைவி குணலட்சுமி, "இழுங்கோவன் அப்பா! எனக்கு நெஞ்சு அடிக்குது," என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி இழுத்தான். கயிறு முன்போலவே இளகி வந்தது.

"இறுகேல்லை, அண்ணை! இறுகேல்லை!"

"மிசினுக்குப் பெலன் இல்லையெண்டு துள்ளுற மனிசனை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றாள் குணலட்சுமி.

கனகசபாபதி வெயிலை அண்ணாந்து பார்த்தார். பிறகு மிசினருகே குந்தினார்.

"துள்ளினது காணும். அந்த நட்டுக் கழட்டுற சாவியை எடு. பொழுது படமுந்தி முடிக்கவேணும்."