பின்ஸீட்டில் மூன்று பேர்

எங்கள் போலீஸ் காரின் பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. ஜன்னலிலும் முன்ஸீட்டுக்கு நடுவிலும் கம்பிவலை வேறு. பிடித்தவனோடு ஒருவர் ஏறினால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். குண்டனும் நானும் ஆளுக்கொரு பக்கம் ஏறி, இரண்டு கதவையும் அடித்துச் சாத்திக்கொண்டோம்.

குண்டன் என் கூட்டாளி. திருட்டுக் கும்பலைத் தேடி நாங்கள் எங்கே கிளம்பினாலும் அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். பழி குண்டன் தலையில் விழுந்தது. நாளைக்கு விசாரணை. காட்டிக்கொடுத்தவனைக் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் அவன் வேலை போய்விடும்.

இன்று கடைவீதியில் தற்செயலாக அந்தக் கும்பலின் ஒல்லியன் கண்ணில் பட்டான். துரத்தினோம். சலவைக்கடைக்குள் புகுந்தான். குண்டன் ஈரப்போர்வையில் சிக்கி, அதோடு அவன் மேலேயே விழுந்தான். பிடித்தோம் என்பதைவிட அமுக்கினோம் என்பதே சரி.

"நீ ஏன்டா ஏறின?"

"நீ வெளிய நிப்பேன்னு நெனச்சேன்" என்றான் குண்டன்.

"நானும் அதத்தான்டா நெனச்சேன்!"

எங்கள் போனும் வயர்லெஸ்ஸும் முன்ஸீட்டில் கிடந்தன. நல்லவேளை, எங்கள் டிரைவர் எதிர்க்கடையில் நின்றிருந்தார். என் தங்கை புருஷன். அவருக்கு இந்த வேலை வாங்கித் தர நான் ஏறி இறங்காத படி இல்லை.

"மாப்ளே, கதவத் தொறங்க!"

"ரெண்டு பேருமா மச்சான்?" சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்துக் கைப்பிடியில் கை வைத்தார்.

நடுவில் இருந்த ஒல்லியன் எரிச்சலோடு அவரைப் பார்த்தான். "ஏண்ணே, இன்னிக்கு மட்டும் ஏன் போன் பண்ணல?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இல்லை என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டார். "அவளப் பாத்துக்குங்க மச்சான்." திரும்பி நடந்தார், பிறகு ஓடினார்.

"நான் ஒண்ணுமே சொல்லல சார்" என்றான் ஒல்லியன். "எங்க கேட்டாலும் இதான் சொல்வேன்."

குண்டன் கதவை உதைத்தான். கார்தான் ஆடியது. அவன் பக்கம் வெறும் சுவர். தெருவும் கூட்டமும் என் பக்கம். "கத்துடா! புடிக்கச் சொல்லுடா!"

கத்தினால் நாலு பேர் மடக்கியிருப்பார்கள். வாயைத் திறந்தேன். தங்கை முகம் வந்தது, சத்தம் வரவில்லை. மாப்பிள்ளையின் சட்டை கூட்டத்தில் கலந்து மறைந்தது.

குண்டன் உதைப்பதை நிறுத்தினான். என் பக்கம் திரும்பினான். திட்டுவான், அறைவான் என்று காத்திருந்தேன். ஒல்லியனுக்கு மேலே கையை நீட்டி என் தோளைத் தட்டினான்.

"சரி விடு. அழாதடா" என்றான்.